கடல் பார்த்த அறை

விழுப்புரத்தில் ரயில் கிளம்பியதும் பூங்கொடி மறுபடியும் கைபேசியை எடுத்து அந்தக் குளியலறைப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். வெள்ளைத் தொட்டி. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். விளிம்பில் மடித்த துண்டு, துண்டின் மேல் ஒரு பூ, அந்தப் பூவை யார் கேட்டார்கள். தொட்டி சுவரோடு சேரும் மூலையைத்தான் அவள் தேடினாள், ஏனென்றால் எந்த இடத்தின் யோக்கியதையும் மூலையில்தான் தெரியும், நடுவில் எல்லாரும் பளபளவென்றுதான் வைத்திருப்பார்கள். மாத்திரைக் கம்பெனியில் தரச் சோதனை வேலை பார்த்து, போன வாரம்தான் ஓய்வு பெற்றவள். ஊர் ஊராகப் போய் மாத்திரை செய்யும் ஆலைகளின் மூலைமுடுக்கை விரலால் தடவிப் பார்த்ததற்குத்தான் இத்தனை வருஷமும் சம்பளம். மூலை சுத்தமாகத்தான் தெரிந்தது. அல்லது படம் எடுத்தவன் கெட்டிக்காரன். எப்படியோ, தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது, ஜன்னலில் கடல் இருந்தது, குளித்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம் என்று போட்டிருந்தான், கடலும் நம்மைப் பார்க்குமே என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது. படத்துக்குக் கீழே ‘விருந்தினர் 2’ என்று தானாகவே வந்து நின்றது. இந்த ஓட்டல்காரர்களுக்கு ஒருத்தி தனியாக வருவாள் என்பது மண்டையில் ஏறவே ஏறாது. கட்டைவிரலால் தட்டி இரண்டை ஒன்றாக்கினாள். அதற்குள் சிக்னல் போய்ச் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றட்டும், தாம்பரம் வர இன்னும் நேரம் கிடக்கிறது.

பிரச்சினையே தாம்பரம்தான். தாம்பரத்தில் இறங்கினால் தம்பி அறவாழி ஸ்கூட்டரோடு காத்திருப்பான், பின்சீட்டில் ஏறி சேலையூரில் அவன் வீட்டுக்குப் போய்விடலாம், எப்போதும் போவதுபோல. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் வண்டி எழும்பூர் போகும், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கடற்கரைப் பக்கம் சாரங்கா ஓட்டல். நாளைக் காலையில் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு வழியனுப்பு விழா. சால்வை போடுவார்கள், சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள், இனிமேல் நேரம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். அதற்காக இன்றைக்கு ஒரு ராத்திரி சென்னையில் எங்கேயாவது தலையைச் சாய்க்க வேண்டும். ஒரே ராத்திரி. இதற்குப் போய் ஒருத்தி திருச்சியிலிருந்து இடித்த புளி மாதிரி உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தால் எதிரில் தூங்குகிற மனுஷர்கூட எழுந்து சிரிப்பார். அதிலும் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போக நினைக்கிறவள் ஏசி இல்லாத பெட்டியில், காற்றில் தலைமுடி பறக்க, மடியில் மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தோடு. முறுக்கு தம்பி பெண்டாட்டி தேன்மொழிக்கு. ஓட்டல்தான் என்று முடிவு பண்ணியிருந்தால் முறுக்கு வாங்கியிருப்பாளா, வீடுதான் என்று முடிவு பண்ணியிருந்தால் குளியலறைப் படத்தை இத்தனை தடவை பார்த்திருப்பாளா. கைக்கு ஒரு எண்ணம், கட்டைவிரலுக்கு ஒரு எண்ணம்.

சாரங்காவில் காசில்லாமல் தங்க உதவும் இந்தப் பாயிண்ட்டை அவள் சேர்க்கவில்லை, அதுவாகச் சேர்ந்தது. முதன்முதலில் வதோதராவிலோ ஐதராபாத்திலோ, வரவேற்பில் இருந்த பெண், “மேடம், உங்கள் நம்பர் சொல்லுங்கள், உறுப்பினராக்கிவிடுகிறேன், இலவசம்தான்” என்றாள். இலவசம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் வம்சமா. சொன்னாள். அப்புறம் கம்பெனிக்காரர்கள் எங்கே அனுப்பினாலும் சாரங்காவிலேயே அறை போட்டார்கள், அறைக்கு அறை பாயிண்ட் விழுந்தது, மழைக்காலத்தில் பாசி பிடிக்கிற மாதிரி அவள் பாட்டுக்கு இருக்க அது பாட்டுக்குப் படர்ந்தது. அந்த அறைகளில் என்ன கண்டாள் என்றால், மேசை விளக்கைக் கண்டாள். அறிக்கை எழுதினாள், படுத்தாள், விடியுமுன் எழுந்து காரில் ஏறினாள். காலைச் சாப்பாடு இலவசம் என்று அட்டையில் போட்டிருக்கும், கதவு திறக்கும் நேரத்துக்கு அவள் ஏதாவது ஆலை வாசலில் தலைக்கு வலை மாட்டிக்கொண்டிருப்பாள். தொட்டி வைத்த அறைகூட ஒரு தடவை கொடுத்தார்கள். அதில் தண்ணீர் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, வாளியில் குளித்துவிட்டுப் போய்விட்டாள். அது போனால் போகட்டும் என்று இருந்தவளுக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் செய்தி வந்தது. இந்த மாதத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உங்கள் பாயிண்ட்டுகள் காலாவதியாகும். காலாவதி என்ற சொல்லை ஆயுசெல்லாம் அடுத்தவர் அட்டைப்பெட்டிகளில் தேடிக் கண்டுபிடித்தவள். அது தன் பெயருக்கு நேராக வந்து நின்றதும் கோபமில்லை, அழுகையில்லை, சும்மா ஒரு மாதிரி இருந்தது.

சிக்னல் வந்தது. சென்னையில் சாரங்காவுக்கு மூன்று ஓட்டல். ஒன்று விமான நிலையத்தை ஒட்டி, அதில் இந்தப் பாயிண்ட்டுக்கு மூன்று ராத்திரி தங்கலாம், ஜன்னலைத் திறந்தால் விமானத்தின் வயிறு தெரியும், அதோடு அது தம்பி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அதில் தங்குவதற்குப் பதில் தம்பி தலையில் நேரே ஒரு குட்டு வைக்கலாம். இன்னொன்று ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற சாலையில், கண்ணாடிக் கட்டடம், பார்த்தாலே அறிக்கை எழுதத் தோன்றும். மூன்றாவதுதான் கடற்கரை ஓட்டல். பழைய வெள்ளைக் கட்டடம், வாசலில் முண்டாசு கட்டிய ஆள், மாடியில் தொட்டி, கடல், பூ. சேர்ந்தது மொத்தமும் ஒரே ராத்திரியில் போய்விடும். மூன்று ராத்திரியா ஒரு ராத்திரியா என்று கேட்டால் கணக்குத் தெரிந்த எவளும் மூன்று என்பாள். பூங்கொடிக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கடலில் போய் நின்றாள். திண்டிவனம் வந்தது, டீ விற்கிறவர் வந்தார், ஒரு டீ வாங்கி உதட்டில் வைத்ததும் விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பது ஞாபகம் வந்தது. யார் கண்டுபிடித்த கணக்கோ. மருந்து மூன்று நாளில் வேலை செய்யாவிட்டால் வேறு மருந்து, சரி. விருந்து மூன்று நாளில் என்ன செய்ய வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. அறவாழி வீட்டில் அவள் ஒருபோதும் இரண்டு நாளுக்கு மேல் இருந்ததில்லை.

பெரியப்பா ஞாபகம் வந்தது, வரக்கூடாதென்று பார்த்தால் வரும். தஞ்சாவூரில் கூடப்பிறந்த தம்பி, அதாவது பூங்கொடியின் அப்பா, குத்துக்கல்லாக வீட்டோடு இருக்கும்போது, ஒரு கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா பஸ் நிலையத்துக்கு எதிரில் லாட்ஜில் தங்கினார். அவ்வளவுதான் செய்தார். சண்டை போடவில்லை, சொத்துக் கேட்கவில்லை. லாட்ஜில் தங்கினாராம் என்று சொந்தமெல்லாம் சொன்ன தொனி இருக்கிறதே, குடும்பத்தை விட்டுச் சன்னியாசம் போனவரைப் பற்றிக்கூட அப்படிப் பேச மாட்டார்கள். அப்பா மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த பகுத்தறிவுக்காரர், பிள்ளைகளுக்குப் பூங்கொடி, அறவாழி என்று பெயர் வைத்தவர், ஜாதகம் பார்க்காதவர், அவரே இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டுத் தண்ணி அவருக்கு ஆகலையா என்றார். சாகும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பெரியப்பாவுக்கு மூலம், இந்திய பாணிக் கக்கூஸில் உட்கார முடியாது, லாட்ஜில் மேல்நாட்டுக் கக்கூஸ் இருந்தது, அதற்காகத்தான் போனார் என்று பெரியம்மா பின்னால் சொன்னாள். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். எப்படிச் சொல்வது, அதையெல்லாம் தம்பியிடம். மேல்மருவத்தூர் போய்விட்டது. டீக்கோப்பையைக் கசக்கி எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவளால் மட்டும் என்ன சொல்ல முடியும். டேய் அறவாழி, எனக்குத் தொட்டியில் படுக்கணும்டா என்றா. அறுபது வயதில்.

தம்பி வீட்டில் குறை என்று எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம். ஏசி போட்ட ஒரே அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் ஹாலில் படுப்பார்கள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள், அவளும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தே வேண்டாம் என்பாள். குளியலறைத் தாழ்ப்பாள் பிடிக்காது, உள்ளே இருக்கிறோம் என்பதற்கு இருமிக்கொண்டே குளிக்க வேண்டும், நெஞ்சுச் சளியா அண்ணி என்று தேன்மொழி வெளியே மிளகுக் கஷாயம் வைத்துவிடுவாள். இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இருக்கிறது வேறு. அந்த விரல். அதை நினைக்கக்கூடாது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், மதுராந்தகம் ஏரி நிறையத் தண்ணீரோடு வந்தது, வெள்ளைக் கொக்குகள், ஒரு பரிசல், தண்ணீர் நின்ற இடத்தில் வானம், எல்லாம் போனதும் விரல் மறுபடியும் வந்து நின்றது. எப்போதோ ஒரு தடவை, அந்த வீட்டுக்குப் போய்வரத் தொடங்கிய புதிதில், காபிக்காகச் சமையலறையில் நிற்கும்போது, கை தானாகப் போய் ஃபிரிட்ஜின் மேல்பக்கத்தைத் தடவியது. தடவியதோடு விடாமல் விரலைத் திருப்பிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தது. ஆலைகளில் அப்படித்தான், தடவுவது, திருப்புவது, பார்ப்பது, மூச்சு விடுவது மாதிரி அது. நிமிர்ந்தால் தேன்மொழி பால் கிண்ணத்தோடு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார் என்றாலே ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு விரலும் முளைத்தால் எப்படி இருக்கும். அன்றிலிருந்து எப்போது போனாலும் அந்த வீடு கல்யாண வீடு மாதிரி துடைத்து வைத்திருக்கும், பினாயில் வாசனை கண்ணைக் கரிக்கும். தேன்மொழிக்கு இடுப்பு வலி. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் அந்த விரலைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதனால் கேட்டதில்லை.

பயம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருந்தது, மற்றதெல்லாம் சுற்றுப்பாதை. கல்யாணம் அமையவில்லை, அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், வேலையும் போன வாரம் போய்விட்டது. திருச்சியில் இருப்பது அவளுடைய வீடுதான், ஆனால் அது இருக்கிற வீடு. போக ஒரு வீடு என்று பார்த்தால் உலகத்தில் அந்த சேலையூர் வீடு ஒன்றுதான். டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அறவாழி ஒரு நாள் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுப் போனான், தேன்மொழிதான் வந்து ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்து எழுந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, தலை வாரிவிட்டு, ஜுரத்தில் அவள் உளறியதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். யோசித்துப் பார்த்தால் தேன்மொழி வெளியூரில் தங்கியதெல்லாம் சொந்தக்காரர் வீடு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவளிடம் போய், உன் வீடு வேண்டாம், எனக்கு ஓட்டல் இருக்கிறது என்றால். கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை, கோபம் ஆறும். ஒன்றும் சொல்லாமல் பால் கிண்ணத்தோடு நின்றால். நாளைக்குக் கை கால் விழுந்து கிடக்கையில் எந்தப் பாயிண்ட் வந்து தலை வாரிவிடும். ஒரு தொட்டிக்காக. வேண்டாம். வேண்டாம் என்று நினைத்த மாத்திரத்தில் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள், ஆகவில்லை, யாரோ கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் எல்லா ஊரிலும் விருந்தாளி, அடுத்தவன் ஆலையில் விருந்தாளி, தம்பி வீட்டில் விருந்தாளி. பார்த்துப் பார்த்து உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து எழுந்து. ஒரு ராத்திரி யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், இருமாமல் குளிக்க ஆசைப்பட்டால் அது பெரிய குற்றமா. செங்கல்பட்டில் ஏரியைத் தொட்டுக்கொண்டு வண்டி நின்றது. கைபேசியில் கடல் பார்த்த அறை கடைசியாக ஒன்றுதான் பாக்கி என்று சிவப்பு எழுத்தில் வந்தது. விருந்தினர் மறுபடியும் இரண்டாகியிருந்தது. தட்டி ஒன்றாக்கினாள். உறுதிசெய் என்ற பொத்தானின் மேல் கட்டைவிரல் நின்றது, வண்டி கிளம்பிய பிறகும் நின்றது.

தம்பியைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. தேன்மொழியைக் கூப்பிட்டாள். எதற்கு என்று தீர்மானிக்கவில்லை, முறுக்கு வாங்கியிருக்கிறேன் என்று சொல்வதற்காக இருக்கலாம்.

“சொல்லுங்க அண்ணி. எங்க வர்றீங்க? அவரு கெளம்பிட்டாரு.”

“செங்கல்பட்டு தாண்டிருச்சு. அங்க என்ன சத்தம், எதையோ இழுக்கிற மாதிரி?”

“ஸ்டூலு அண்ணி.”

“ஸ்டூல் எதுக்கு?”

“சும்மாதான். ஃபிரிட்ஜு மேல தொடச்சிட்டிருக்கேன்.”

பூங்கொடிக்கு முகமெல்லாம் சூடானது. எதிரில் இருந்தவர் விழித்துப் பார்த்தார். இடுப்பு வலிக்காரி ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையில் போன், ஒரு கையில் ஈரத்துணி. அந்த விரலை அவள் மறக்கவில்லை. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் அந்த ஃபிரிட்ஜின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“மொதல்ல எறங்கு. விழுந்துகிழுந்து வெக்காத.”

“ஆச்சு அண்ணி, இந்த ஓரம் மட்டுந்தான்.”

“தேன்மொழி, நான் அத பாக்க மாட்டேன்.”

“நீங்க பாப்பீங்கன்னு யாரு சொன்னா?” என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். வண்டி ஒரு பாலத்தைக் கடகடவென்று கடந்தது.

“அது பழக்கம்மா” என்றாள் பூங்கொடி. சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “ஃபேக்டரியில தடவித் தடவி கை அப்படி ஆயிருச்சு. உன் வீட்டக் குத்தம் பாக்கல. சத்தியமா பாக்கல.”

“தெரியும் அண்ணி. ஆஸ்பத்திரியில ஜொரத்தோட கட்டில் கம்பியத் தடவித் தடவிப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன்.”

“அப்பறம் எதுக்குத் தொடைக்கிற?”

“தெரிஞ்சா மட்டும் விட்டுற முடியுமா? நீங்க வர்றீங்கன்னா கை தானா துணியத் தேடுது. உங்களுக்கு வெரல்னா எனக்குத் துணி.”

பூங்கொடி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குமுன் சொல்லிவிட வேண்டும், அடங்கிவிட்டால் வராது. “நான் இன்னிக்கு வீட்டுக்கு வரல தேன்மொழி. ஓட்டல்ல தங்கலாம்னு இருக்கேன்.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. “எங்க மேல எதுவும் வருத்தமா அண்ணி?” குரல் சின்னதாகிவிட்டது.

“அய்யோ இல்ல. குளிக்கத் தொட்டி இருக்கு அங்க. அதுல படுக்கணும்னு ஆசை. வேற ஒண்ணுமே இல்ல.”

“தொட்டியிலயா?”

“ஆமா.”

“அதுக்கு ரொம்ப ஆகுமே.”

“காசில்ல. வேலைல தங்கித் தங்கிப் பாயிண்ட் சேந்திருக்கு. இந்த மாசம் விட்டா போயிரும்.”

பெரியப்பா லாட்ஜில் தங்கிய கதை தேன்மொழிக்கும் தெரியும், கல்யாணமாகி வந்த முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று பூங்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில காப்பி?” என்றாள் தேன்மொழி.

“ரூமுக்கே கொண்டாந்து குடுப்பாங்க.”

“குடிச்ச டம்ளரு?”

“அவங்களே எடுத்துக்கிட்டுப் போவாங்க.”

“படுத்த விரிப்பு?”

“அதையும் அவங்கதான் மடிப்பாங்க. துவைப்பாங்க. நீ எந்திரிச்சு வந்தா போதும்.”

நீ என்று ஏன் சொன்னோம் என்று பூங்கொடி யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் ஸ்டூலிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது, ஈரத்துணியை எங்கேயோ போடுகிற சத்தம் கேட்டது.

“அண்ணி, அது ஒரு ஆளுக்குத்தானா?”

பூங்கொடி கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஒன்று என்று இருந்தது. அவள்தான் ஆக்கிவைத்த ஒன்று. எவ்வளவு மடத்தனம், ஓட்டல்காரன் ஒவ்வொரு தடவையும் இரண்டு இரண்டு என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான், இவள் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து ஒருத்தியைக் கழித்துக்கொண்டிருக்கிறாள். கூட்டல் குறியைத் தட்டினாள். பாயிண்ட் ஏறவில்லை, அப்படியே நின்றது. உறுதிசெய் என்பதை அழுத்தினாள், வட்டம் சுற்றியது, வண்டலூர் மரங்கள் போகும்வரை சுற்றியது, பச்சையில் நன்றி சொன்னது.

“ரெண்டு பேருக்கு” என்றாள். “ரெண்டு பொடவ எடுத்துக்க. குக்கரை எறக்கி வெச்சுட்டு வா.”

தாம்பரத்தில் அறவாழி பெட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தான். ஒரு கையில் அவளுக்கென்று இன்னொரு ஹெல்மெட். “எறங்குக்கா, ரெண்டு நிமிசந்தான் நிக்கும்.”

“நான் எறங்கலடா. வீட்டுக்குப் போயி தேன்மொழியக் கூட்டியாந்து லோக்கல் ரயில்ல ஏத்தி விடு. எழும்பூர்ல நான் நிக்கிறேன்.”

“எதுக்கு? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கு ஓட்டல்ல தங்கறோம். நாளைக்கு விழா முடிஞ்சதும் நேரா நம்ம வீட்டுக்கு வந்துருவோம்.”

அவன் ஹெல்மெட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “அப்ப நான்?”

“ஃபிரிட்ஜுல மாவு இருக்கும். தோச ஊத்திக்க. இந்தா முறுக்கு, இதுல பாதிய வெச்சுக்க.”

“ஏன்க்கா, ஊர்ல சொந்தமா ஒரு வீடு இருக்கையில ஓட்டல்ல போயி...” என்று அவன் அப்பா குரலில் ஆரம்பிக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. கம்பி வழியாக நீட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தான். அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது, ஆனால் முகத்தில் கோபம் இல்லை, தோசைக் கவலைதான் இருந்தது.

தொட்டியில் யார் முதலில் படுப்பது என்று யோசித்தாள். தேன்மொழி நீங்கதான் என்பாள், இல்லை நீதான் என்று இவள் சொல்வாள், அதிலேயே தண்ணீர் ஆறிவிடும். ஆறினால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம், சும்மாதானே வருகிறது. பல்லாவரம் மலை வெயிலில் தெரிந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த கை அது பாட்டுக்கு விளிம்போரமாக ஒரு இழுப்பு இழுத்தது. திருச்சியிலிருந்து படிந்த தூசி அத்தனையும் விரலில் ஏறியிருக்கும். பூங்கொடி விரலைத் திருப்பிப் பார்க்காமலே முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.